தம்பிக்கு வராதது எம்-1 இல்லை

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். அப்பா இல்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் 91 வாங்கியும் பிளஸ் டூவோடு நின்றுவிட்டேன். தம்பியை நான்தான் படிக்க வைக்கிறேன். அவன் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். 2024-இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பி.இ. மெக்கானிக்கல் கிடைத்தது. ஹாஸ்டலில் இருக்கிறான். முதல் செமஸ்டரில் கணக்கு, பிசிக்ஸ், பைத்தான் மூன்றும் அரியர். ரிசல்ட் வந்து பல நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. “எனக்கு மண்டையில ஏறலக்கா, திருப்பூருக்கே வந்துடறேன்” என்கிறான். காலேஜில் ‘ஸ்லோ லேனர்’ லிஸ்ட்டில் வைத்திருக்கிறார்களாம். பி.காம்., பாலிடெக்னிக் என்று எதற்காவது மாற்றிவிடலாமா? எம்-1 என்கிற முதல் செமஸ்டர் கணக்குக்கு டியூஷன் வைக்கலாமா? ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்கு 12,000 ரூபாய் கேட்கிறார்கள், கட்டலாமா? அவனுடைய இன்டர்னல் தேர்வுத் தாள்களைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.
— ஓர் அக்கா, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மார்க் பட்டியலோடு நிறுத்தாமல் விடைத்தாளையே அனுப்பினீர்களே, அதற்கு முதலில் நன்றி. பொறியியல் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுப்பவன் நான். பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறவர்கள் எத்தனை மார்க், எத்தனை அரியர் என்று கேட்டுவிட்டு, பையனை அங்கேயே நாலு வார்த்தை திட்டிவிட்டு பஸ் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். தாளைக் கையில் வாங்கிப் பார்க்கிறவர்கள் அபூர்வம். தம்பியின் கணக்குத் தாளில் 50-க்கு 14 போட்டிருக்கிறது. அந்த 14-ஐ இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அவன் எங்கே வழுக்கி விழுந்தான் என்பது அந்தத் தாளிலேயே வரிவரியாக இருக்கிறது.

மூன்றாம் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பில் 91 வாங்கியவர் என்பதால் கணக்கோடேயே சொல்கிறேன். இரண்டு வரிசை கொண்ட ஒரு மேட்ரிக்ஸ்: முதல் வரிசை 2, 1. இரண்டாம் வரிசை 1, 2. இதற்கு ஐகன் மதிப்பும் (அந்த மேட்ரிக்ஸுக்கே உரிய சில எண்கள்) ஐகன் வெக்டாரும் (அந்த ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய திசை) காண வேண்டும். எம்-1 பாடத்தில் முதல் யூனிட், பல பிள்ளைகள் அலறும் இடம். தம்பி அலறவில்லை. காண வேண்டிய ஐகன் மதிப்பான லாம்டாவை ‘ல’ என்று வைத்துக்கொண்டால், அவன் எழுதிய சமன்பாடு (2 − ல)² − 1 = 0. மிகச் சரி. கல்லூரியில் புதிதாகச் சொல்லிக்கொடுத்தது இதுவரைதான், அது அவனுக்கு வந்திருக்கிறது.

அடுத்த வரியில் (2 − ல)² என்பதை 4 − ல² என்று விரித்திருக்கிறான். 4 − 4ல + ல² என்று வந்திருக்க வேண்டும். நடுவில் இருக்கும் 4ல காணாமல் போய்விட்டது. சரியாக விரித்திருந்தால் ல² − 4ல + 3 = 0 என்று வந்து, விடை 1, 3 என இரண்டு முழு எண்களாக விழுந்திருக்கும். அவனுக்கு வந்ததோ கூட்டல் ரூட் 3, கழித்தல் ரூட் 3. அதைக்கொண்டு ஐகன் வெக்டார் கண்டால் இரண்டு மதிப்பும் பூஜ்ஜியம் என்றுதான் வரும். பூஜ்ஜியம் வரக்கூடாது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மறுபடி போட்டிருக்கிறான், அடித்திருக்கிறான், ஓரத்தில் இன்னொரு முறை போட்டு அதையும் அடித்திருக்கிறான். அதற்குப் பிறகு இரண்டு பக்கம் காலி. தெரியாததால் காலியாக விட்டான் என்று நான் நினைக்கவில்லை. அந்த ஒரு கணக்கோடு மல்லுக்கட்டியதில் நேரமும் போயிற்று, தைரியமும் போயிற்று.

இன்னொன்றையும் பாருங்கள். அதே தாளின் முதல் பக்கத்தில் ஒரு இரண்டு மார்க் கேள்வி. ஐகன் மதிப்புகளைக் கூட்டினால் மூலைவிட்டத்தில் உள்ள எண்களின் கூட்டுத்தொகை வரும் என்ற பண்பைச் சரியாக எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறான். மூன்றாம் பக்கக் கணக்கில் மூலைவிட்டக் கூட்டல் 2 + 2 = 4. அவனுக்கு வந்த விடைகளைக் கூட்டினால் பூஜ்ஜியம். முதல் பக்கத்தில் தான் எழுதியதை வைத்தே மூன்றாம் பக்கத்தில் தப்பு செய்துவிட்டோம் என்று அரை நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம். அது இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்ய வேண்டியது, இது பெரிய கேள்வி என்று பிரித்துப் படித்துப் பழகியதால் அவனுக்குத் தோன்றவில்லை. பள்ளி அவனை அப்படித்தான் பழக்கியிருக்கிறது.

(அ − ஆ)² எட்டாம் வகுப்புக்குள்ளேயே வந்துவிடும்; ஒன்பதாம் வகுப்பில்தான் அது கையில் ஊறும். தம்பி ஒன்பதாம் வகுப்பு படித்த வருடம் எது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024-இல் கல்லூரியில் சேர்ந்தவன் என்றால் 2020–21. கொரோனா. அந்த வருடம் ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளி திறந்ததே 2021 பிப்ரவரி 8-ஆம் தேதி. அதே மாதம் 25-ஆம் தேதி ஒன்பது, பத்து, பதினொன்று மூன்று வகுப்புகளுக்கும் ஆல் பாஸ் என்று அறிவித்துவிட்டார்கள். அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. அதிலும் பாடங்களைக் குறைத்துத்தான் தேர்வு வைத்தார்கள். வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் உங்களோடு வேலைக்கு வந்திருக்கும். பிளஸ் டூவில் கணக்குத் தாள் 90 மார்க்குக்கு. அதில் 20 ஒரு மார்க் கேள்விகள். பாடப்புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை விடையோடு உருப்போட்டு, மெல்லக் கற்போர் கையேட்டில் இருக்கும் சில பாடங்களை மட்டும் ஊன்றிப் படித்தால் பாஸ் நிச்சயம். ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன், தேர்ச்சி விகிதத்துக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் பல்கலைக்கழகக் கணக்குத் தாளில் பத்து இரண்டு மார்க், அப்புறம் ஐந்து பதினாறு மார்க். பதினாறு மார்க் கணக்கில் நான்காவது வரியில் ஒரு 4ல தொலைந்தால் பின்னால் வரும் ஒன்றரைப் பக்கமும் அதோடு சேர்ந்து போகும்.

ஆகையால் எம்-1 டியூஷன் வேண்டாம். அங்கே ஐகன் மதிப்பை மறுபடி முதலிலிருந்து நடத்துவார்கள். அது அவனுக்கு வந்ததுதான். வராதது ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ரா. அதை எந்த எம்-1 டியூஷனிலும் நடத்த மாட்டார்கள். பரீட்சைக்கு முதல் நாள் இரவு ‘முக்கியமான ஐந்து கேள்விகள்’ என்று ஓடும் யூடியூப் வீடியோக்களும் இந்த ரகம்தான்.

அடுத்தது, கேள்வியைப் படிக்கும் விஷயம். நான்காவது கேள்வி கேய்லி–ஹேமில்டன் தேற்றத்தை (ஒரு மேட்ரிக்ஸ் தன் ஐகன் சமன்பாட்டைத் தானே நிறைவுசெய்யும் என்பது) சரிபார்த்து, ‘ஹென்ஸ்’, அதாவது ‘அதிலிருந்து’, இன்வர்ஸ் (நேர்மாறு) காணச் சொல்கிறது. சரிபார்த்த அந்தச் சமன்பாட்டிலிருந்தே இன்வர்ஸை எடுக்க வேண்டும் என்று பொருள். தம்பி சரிபார்த்துவிட்டு, பிளஸ் டூவில் படித்த வேறு முறையில் இன்வர்ஸ் கண்டிருக்கிறான். விடை சரி, மார்க் இல்லை. ஆசிரியர் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டிருக்கிறாரே தவிர, ஏன் என்று எழுதவில்லை. தனக்கு ஏன் மார்க் வரவில்லை என்பது பையனுக்கு இன்றுவரை தெரிந்திருக்காது. சரியாகப் போட்டும் மார்க் வரவில்லை என்றால் யாருக்குத்தான் வெறுத்துப்போகாது?

பிசிக்ஸ் தாளில் வேறு கதை. டார்ஷன் பெண்டுலம் (கம்பியில் தொங்கி முறுக்கி முறுக்கி ஆடும் தகடு) கேள்விக்கு அவன் வரைந்த படத்தைப் பார்த்தால் மெக்கானிக்கலுக்கு வந்த பையன்தான் என்று தெரிகிறது. மேலே பிடிமானம், கம்பி, கீழே வட்டத்தகடு, எல்லாம் அளவாக, சுத்தமாக. ஆனால் ஒரு பாகத்துக்கும் பெயர் எழுதவில்லை. கீழே ஆங்கிலத்தில் ஏழெட்டு வரி கைடில் இருக்கிறபடியே வருகிறது, ஒரு வாக்கியத்தின் நடுவில் சட்டென்று நின்றுவிடுகிறது. பிறகு ஒரு இடைவெளி, கடைசியில் அலைவு நேரச் சூத்திரம் மட்டும் சரியாக. உருப்போட்ட பத்தியில் ஒரு சொல் மறந்தால் மிச்சமும் வராது. அந்த இடைவெளியை அவனாக நாலு வரி எழுதி நிரப்பியிருக்கலாம். என் ஆங்கிலம் தப்பாகிவிடும் என்ற பயத்தில் விட்டிருக்கிறான். திருத்துகிறவர்கள் ஆங்கில நடைக்கு மார்க் போடுவதில்லை என்று அவனிடம் சொல்லுங்கள். கட்டுக்கட்டாகத் தாள் திருத்தும்போது கண் தேடுவது பெயர் குறித்த படம், சூத்திரம், அதற்கு வந்த படிகள், இவ்வளவுதான். முதலில் படம், பாகங்களின் பெயர். பிறகு ஒவ்வொரு பாகமும் என்ன செய்கிறது என்று தமிழில் வாய்விட்டு ஒரு முறை. அதையே ஐந்தாறு சொல்லுள்ள சின்னச் சின்ன ஆங்கில வரிகளாக, வரிக்கு ஒரு செய்தி. ரூம்மேட்டுக்கு விளக்குகிற மாதிரி தினம் ஒரு கேள்வி எழுதினால் செமஸ்டர் முடிவதற்குள் கை பழகிவிடும்.

பைத்தானைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளைகளுக்கு முதல் செமஸ்டரில் அது போவது சகஜம். லேபில் கூடுதலாக உட்காரக் கேட்டால் விடுவார்கள், உட்காரச் சொல்லுங்கள்.

‘ஸ்லோ லேனர்’ பட்டியலுக்கு வருகிறேன். அந்தப் பெயர் எனக்கும் பிடிக்காது. பள்ளியில் ‘மெல்லக் கற்போர்’, கல்லூரியில் ‘ஸ்லோ லேனர்’. பையன் இரண்டு இடத்திலும் இதையே கேட்டுக் கேட்டு நம்பிவிட்டான். ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு நன்மை இருக்கிறது. பின்தங்கிய மாணவர்களைக் கண்டறிந்து அவர்களுக்கு என்ன செய்தீர்கள் என்பது நாக் (கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு) மதிப்பீட்டில் கல்லூரிகளைக் கேட்டுவந்த கேள்விகளில் ஒன்று. அதனால் ரெமெடியல் வகுப்பு என்று ஒன்று அவன் கல்லூரியிலும் டைம்டேபிளில் பெரும்பாலும் இருக்கும். நடப்பது என்னவென்றால், சாயங்காலம் நாலரைக்கு, பஸ் பிள்ளைகள் எல்லாம் கிளம்பிய பிறகு, காலையில் நடத்திய அதே நோட்ஸை அதே வேகத்தில் இன்னொரு முறை நடத்துவார்கள். கையெழுத்து வாங்குவார்கள், ஜியோ-டேக் போட்டோ ஒன்று எடுப்பார்கள், ஃபைலில் சேரும். எல்லாக் கல்லூரியும் இப்படி என்று சொல்லவில்லை. மனசாட்சியோடு நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் கிளாஸ் அட்வைசருக்குப் போன் செய்து, தயங்காமல் ஒன்று கேளுங்கள்: “சார், அந்த வகுப்பில் எம்-1 வேண்டாம், ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்பு அல்ஜீப்ராவை நடத்த முடியுமா?” தம்பியைப் போல இருபது பேர் அங்கே இருப்பார்கள். கேட்கிறவர்கள் இல்லாததால்தான் பாதி இடங்களில் நடப்பதில்லை.

கல்லூரி செய்கிறதோ இல்லையோ, தம்பி செய்ய வேண்டியது இது. ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன் கணக்குப் புத்தகங்கள். தமிழ் வழியில் ஒரு பிரதி, ஆங்கில வழியில் ஒரு பிரதி. தமிழ்நாடு பாடநூல் பி.டி.எஃப். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டு வழிப் புத்தகங்களிலும் அதே பாடம், அதே வரிசை, பெரும்பாலும் அதே எண். தமிழில் எடுத்துக்காட்டு 7.5 என்று இருப்பதை ஆங்கிலப் புத்தகத்திலும் அதே எண்ணில் பார்க்கலாம். முதலில் ஆங்கிலத்தில் படித்துப் பார்க்க வேண்டும், முட்டுகிற இடத்தில் மட்டும் தமிழைத் திறக்க வேண்டும். அணிக்கோவை என்று படித்ததுதான் வகுப்பில் சொல்லும் டிட்டர்மினன்ட் என்று தெரிகிறபோது, ‘அட, இது எனக்குத் தெரிந்ததுதானே’ என்று ஒரு மூச்சு வரும். தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு முதல் செமஸ்டரில் தேவைப்படுவது அந்த மூச்சுதான். டிக்‌ஷனரி வாங்கிக் கொடுப்பதைவிட இது நல்ல வழி.

வரிசை முக்கியம். ஒன்பது, பத்தில் அல்ஜீப்ரா மட்டும்: விரிவு, காரணிப்படுத்தல், பின்னம், இருபடிச் சமன்பாடு. வடிவியல் எல்லாம் வேண்டாம். பிறகு பிளஸ் ஒன்னில் திரிகோணமிதி, அணிகள், வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம், இந்த வரிசையில். தினம் காலையில் மெஸ்ஸுக்குப் போகுமுன் முக்கால் மணி நேரம் போதும். பதினெட்டு வயதில் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு சீக்கிரம் பிடிபடும், ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுவான். நுண்கணிதத்துக்குத்தான் நாள் பிடிக்கும். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை ஹாஸ்டலில் திறக்க வெட்கப்படுவான். போனில் பி.டி.எஃப். பார்த்தால் எந்த வகுப்பு என்று யாருக்குத் தெரியப்போகிறது?

இங்கே உங்களுக்கும் வேலை இருக்கிறது. 91 வாங்கியவர் நீங்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் போட்ட கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, நீங்களே திருத்துங்கள். விடை சரியா என்று பார்ப்பது இரண்டாம்பட்சம், எந்த வரியில் பிசகியது என்று பாருங்கள். நாள் முழுக்கப் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்தத் தையலில் குறை என்று கண்டுபிடிக்கிற கண் உங்களுடையது. அந்தக் கண்தான் இதற்கும் வேண்டும். பிளஸ் ஒன் நுண்கணிதம் வந்ததும் உங்களுக்குச் சிரமமாக இருந்தால், அரியர் எல்லாவற்றையும் முடித்த சீனியர் ஒருவனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆசிரியரிடம் போகும்போது ‘புரியல சார்’ என்று மொட்டையாக நிற்கக்கூடாது. அப்படி நின்றால் எங்களுக்கும் எங்கே தொடங்குவதென்று தெரியாது. நோட்டைக் காட்டி, “சார், இந்த வரி வரைக்கும் வருது, இதுக்கு அடுத்தது எப்படி வந்துச்சு?” என்று தமிழிலேயே கேட்கட்டும். அப்படிக் கேட்கிற பையனை விரட்டுகிற வாத்தியார் குறைவு.

பி.காம்., பாலிடெக்னிக் யோசனை: வேண்டாம். பாலிடெக்னிக் முடித்தவர்கள் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டுக்கு வருகிற வழிதான் உண்டு, பி.இ.யை விட்டுப் பாலிடெக்னிக்குப் போவது கீழ்நோக்கிய பயணம். பி.காம்.மும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான், அதிலும் புள்ளியியல் வரும். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. இந்த சீட்டை விட்டால் அது திரும்ப வராது. அவனுக்கே மெக்கானிக்கலில் விருப்பம் இல்லை என்றால் பேச்சு வேறு, ஆனால் அந்தப் பெண்டுலம் படத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டாம் செமஸ்டர் முடிகிற வரை இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். முடிந்ததும் தாளைப் பாருங்கள். மார்க் பெரிதாக ஏறியிருக்காது. அல்ஜீப்ராவில் விழுந்த தப்பு இப்போது நுண்கணிதத்தில் விழுகிறதா, அதைப் பாருங்கள். விழும் இடம் மேலே நகர்ந்திருந்தால் பையன் ஏறிக்கொண்டிருக்கிறான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

‘ஒரு வருடம் நிறுத்தி, அடிப்படையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பச் சேர்க்கலாமே’ என்றும் யாராவது சொல்வார்கள். அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். அங்கே கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் இரண்டாண்டுக் கல்லூரிகளில், வாசிப்பும் எழுத்தும் கணக்கும் போதாமல் வருகிற மாணவர்களை, டிகிரிக்குச் சேராத அடிப்படை வகுப்புகளில் முதலில் உட்கார வைத்தார்கள். ஒன்று முடித்தால் இன்னொன்று என்று போய், அசல் பாடத்துக்கு வந்து சேராமலே பலர் கல்லூரியை விட்டுப் போனார்கள். கடைசியில் கலிபோர்னியா 2017-இல் சட்டமே போட்டது: ஒரு வருடத்துக்குள் டிகிரித் தரத்திலான ஆங்கிலத்தையும் கணக்கையும் மாணவர் முடிக்கும் வாய்ப்பு கூடுமாறு கல்லூரிகள் நடந்துகொள்ள வேண்டும், தக்க காரணமில்லாமல் அடிப்படை வகுப்பில் நிறுத்தி வைக்கக்கூடாது என்று. அசல் வகுப்பில் உட்கார்ந்தபடியே, பக்கத்தில் இன்னொரு மணி நேரம் அடிப்படையைக் கற்பது என்ற முறை அங்கே பரவியது. நான் தம்பிக்குச் சொல்வதும் அதுதான்.

இரண்டாம் செமஸ்டரைப் பற்றி ஒரு நல்ல செய்தி. அவன் சேர்ந்த ஆண்டுக்குரிய அண்ணா பல்கலைக்கழக 2021 ரெகுலேஷன் (பாடத்திட்டம்) படி அதில் வரும் கணக்கு புள்ளியியலும் நியூமரிக்கல் மெத்தட்ஸும் (எண்களைப் போட்டுப் போட்டு விடையை நெருங்கும் முறைகள்). எம்-1 போனவனும் இதைப் பெரும்பாலும் புதிதாகத் தொடங்கிப் படித்துவிடலாம். அரியரையே நினைத்துக்கொண்டு இந்தத் தாளைக் கோட்டை விடக்கூடாது. முதலில் இது, அரியர் அதற்குப் பிறகு.

ஸ்போக்கன் இங்கிலீஷுக்கு 12,000 ரூபாய் கட்டாதீர்கள். முதல் செமஸ்டரில் அரியர் விழாத தாள்களில் ஆங்கிலமும் ஒன்று என்பதைக் கவனித்தீர்களா? அவனுக்குத் தடையாக இருப்பது பேச்சு ஆங்கிலம் இல்லை, கேள்வித்தாளையும் பாடப்புத்தகத்தையும் படிக்கிற ஆங்கிலம். அது அந்தக் கிளாஸில் வராது. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவன் கணக்கில் ஏறுகிறதா என்று கேளுங்கள். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவன், கிடைக்க வேண்டும். ஏறவில்லை என்றால் கல்லூரி ஆபீஸில் விசாரிக்கச் சொல்லுங்கள். ஏறுகிறது என்றால் முதல் வேலையாகச் சொந்தமாக ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர் வாங்கட்டும். பக்கத்து பெஞ்சில் கடன் வாங்கிப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நியூமரிக்கல் மெத்தட்ஸ் தாளுக்கு அது இல்லாமல் உட்காரவே முடியாது.